கரேரி ஏரிக்குத் தனியே ஓரிரவுப் பயணம்: சென்னையில் தொடங்க வேண்டிய ஆயத்தங்கள்

அக்னி நட்சத்திர வெயிலில் சென்னை தகிக்கும் நாட்களில்தான் இமயமலை ஏரிகளுக்குச் செல்லும் பாதைகளில் பனி விலகத் தொடங்குகிறது. முதன்முறையாகத் தனியே சென்று மலை ஏரி ஒன்றின் அருகில் ஓரிரவு தங்க விரும்புவோருக்கு, இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரில் சுமார் 2,930 மீட்டர் உயரத்தில் உள்ள கரேரி ஏரியையே நான் பரிந்துரைப்பேன். பாதை பெரும்பாலும் நியுண்ட் ஓடையை ஒட்டியே செல்வதாலும், கோடையில் ஆட்டிடையர்களின் நடமாட்டம் இருப்பதாலும் வழி தவறும் வாய்ப்பு குறைவு. மே நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதன்பின் ஏரிக்கு அருகிலுள்ள நகரமான தரம்சாலாப் பகுதியில் பருவமழை கடுமையாக இருக்கும்.

சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் பதான்கோட் சென்று, அங்கிருந்து பேருந்தில் தரம்சாலாவை அடையலாம். கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு, காற்றழுத்தம் கிட்டத்தட்ட எழுபது விழுக்காடாகக் குறையும் உயரம் புதிது என்பதால், தரம்சாலாவுக்குச் சற்று மேலே உள்ள மெக்லியோட்கஞ்சில் ஓரிரு இரவுகள் தங்கிவிட்டு ஏறுவது நல்லது. அதற்கு முன்பே, பயணத்தில் சுமக்கப்போகும் அதே பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, சில வாரங்கள் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள்.

தனியே செல்பவர் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிந்திக்க வேண்டியது, எப்போது திரும்புவது என்பதைத்தான். நால்வர் சென்றால் யாராவது ஒருவர் "போதும், திரும்பிவிடலாம்" என்பார். தனியாளுக்கு அதைச் சொல்ல எவரும் இல்லை. களைத்த மனம் எடுக்கும் முடிவை நம்பக் கூடாது என்பதால், வீட்டில் இருக்கும்போதே அந்த முடிவுகளைத் தாளில் எழுதிவிடுங்கள்: பிற்பகல் இரண்டு மணிக்குள் ஏரியை அடையாவிட்டால் திரும்புவேன், தலைவலியுடன் குமட்டலும் சேர்ந்தால் உடனே இறங்குவேன், இடி கேட்டால் திறந்த முகட்டில் நிற்கமாட்டேன். அந்தத் தாளின் நகல் ஒன்றை, கூடாரத்தின் நிறம், திரும்பும் நேரம் ஆகியவற்றுடன் வீட்டாரிடம் கொடுங்கள். சென்னையிலிருந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் அழைப்பு தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லும். எனவே தரம்சாலா காவல் நிலையத்தின் நேரடி எண்ணையும் அந்தத் தாளில் குறித்துக் கொடுப்பது அவசியம். மலையேற்ற அனுமதி குறித்தும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. நமக்குப் பிரியமான பருத்தி ஆடை அங்கே உதவாது. வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராமல் உடலைக் குளிரவைத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது கம்பளி ஆடைகளும், மழைக்கோட்டும், சுழியம் டிகிரிக் குளிரைத் தாங்கும் உறக்கப் பையும் வேண்டும். சமைப்பதற்கான கேஸ் கேனிஸ்டரை (சிறிய எரிவாயு உருளையை) ரயிலிலோ விமானத்திலோ கொண்டுசெல்ல முடியாது. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி எளிதில் வேகாது, எரிவாயுவும் வீணாகும். அவலை வெந்நீரில் ஊறவைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு தயார்.

கூடாரத்தை ஏரியிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி அமையுங்கள். மலம் கழிக்கும் குழியும் அதே தொலைவில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். கரடிகள் வாழும் காடு என்பதால் உணவைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். மறுநாள் விடிந்ததுமே இறங்கத் தொடங்குங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் நீர்வரத்து கூடும் என்பதால், கடக்க வேண்டிய இடங்களை நண்பகலுக்கு முன்பே கடந்துவிட வேண்டும்.