ஒரே போஸ்ட், ஒன்றில் 8 சதவீதம், இன்னொன்றில் 2

புதுச்சேரி நேரு வீதியில் அக்காவின் துணிக்கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போட்டிக் கடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அனலிடிக்ஸ் டூல்களை டிரையலில் போட்டேன். ஒரே போஸ்டுக்கு முதல் டூல் என்கேஜ்மென்ட் (லைக், கமென்ட் போன்றவற்றின் விகிதம்) 8 சதவீதம் என்றது, இரண்டாவது 2 என்றது.

அக்கவுன்டைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். பர்மிஷன் எல்லாம் திரும்பக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குப் பணமும் கட்டினேன். எண் அசையவில்லை. நாலு நாள் போனது.

கடைசியில் எண்களை சிஎஸ்வி ஃபைலாக (எக்செலில் திறக்கும் அட்டவணை) இறக்கி, அந்த ஒரு போஸ்டைக் கால்குலேட்டரில் போட்டேன். லைக், கமென்ட், சேவ் சேர்த்து 80. ரீச் (போஸ்டைப் பார்த்தவர்கள்) 1,000, ஃபாலோயர் 4,000. முதல் டூல் ரீச்சால் வகுக்கிறது, இரண்டாவது ஃபாலோயரால். போட்டிக் கடையின் ரீச் வெளியாருக்குத் தெரியாது, சேவும் தெரியாது. அதனால் அவர்களுக்கு லைக், கமென்ட்டைக் கூட்டி ஃபாலோயரால்தான் வகுக்க முடியும். நம் 8-ஐ அவர்களுடைய 3-க்குப் பக்கத்தில் வைத்து அக்காவிடம் காட்டியிருந்தேன், அதுதான் உறுத்தியது.

இப்போது எல்லாக் கடைக்கும் ஒரே கணக்கு: லைக், கமென்ட், வகுத்தல் ஃபாலோயர். ரீச் கணக்கு நம் கடையின் போன மாதத்தோடு ஒப்பிட மட்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்காக ஞாயிறு விடியற்காலை 5 மணிக்குப் போட்டதெல்லாம் சனிக்கிழமைக் கணக்கில் இருந்தது. டூல் யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால்) ஓடியது, அங்கே அப்போது சனி இரவு 11:30. செட்டிங்கில் டைம்ஸோனை இந்திய நேரத்துக்கான கொல்கத்தா என்று மாற்றியதும் ஞாயிறு ஞாயிறுக்கே வந்துவிட்டது.