அச்சிதழை நிறுத்தும் முன் அலமாரிக்கு ஒருமுறை போய் வாருங்கள்

பருவ இதழ்ப் பிரிவில் எனக்கு இது 23-வது ஆண்டு. முதல் பத்து ஆண்டுகள் தபாலில் வந்த ஆய்விதழ்களைப் பிரித்து, முத்திரை குத்தி, இதழ் வரவைக் குறிக்கும் கார்டெக்ஸ் அட்டையில் டிக் போட்டேன். அதற்குப் பிறகு அதே இதழ்களின் அச்சுச் சந்தாவை ஒவ்வொன்றாக நிறுத்தி மின்வடிவுக்கு மாற்றுவதே என் வேலையாகிவிட்டது. இதில் புதிதாக இறங்கும் நூலகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அச்சிதழுக்குப் பணம் கட்டினால் அது நம் சொத்து. சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் அலமாரியை விட்டுப் போகாது. மின்னிதழில் நாம் பெரும்பாலும் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டும்தான். இதை நான் இழந்துதான் கற்றேன். ஒரு வேதியியல் இதழ். பதிப்பாளரின் தளத்தில் எல்லாம் திறந்தது; நம்பி அச்சை நிறுத்தினோம். நான்கு ஆண்டுகள் கழித்து நிதி போதாமல் மின்சந்தாவையும் நிறுத்த வேண்டி வந்தது. மறு வாரம் ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றாள்: "மேடம், போன மாசம் படிச்ச கட்டுரை இப்ப திறக்க மாட்டேங்குது." நாங்கள் பணம் கட்டிய நான்கு ஆண்டுகளும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தன. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

ஆகவே முதல் வேலை ஒப்பந்தத்தைப் படிப்பது. நிரந்தர அணுகல் உண்டு என்று யாராவது வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நமக்குச் சொந்தம்? சந்தா நின்றபின் எங்கே போய்ப் படிப்பது, பதிப்பாளரின் தளத்திலா, காப்பகத்திலா, நமக்குக் கோப்புகளாகத் தருவார்களா? அதற்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் உண்டா? இதழ் வேறு பதிப்பாளரிடம் கைமாறினால் நம் உரிமை என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குச் சந்தா வாங்கித் தரும் முகவர் பதில் சொன்னால் ஏற்காதீர்கள். பதிப்பாளரிடமிருந்தே மின்னஞ்சல் வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். வேறு நூலகத்துக்குக் கட்டுரைப் பிரதி அனுப்பும் அனுமதியும், உறுப்பினர் அல்லாதவர் நேரில் வந்து படிக்கும் அனுமதியும் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அச்சிதழ் காலத்தில் இவற்றை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது அலமாரி. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், நிறுத்தப் போகும் இதழின் முன் நில்லுங்கள். முதல் தொகுதி, கடைசித் தொகுதி, நடுவில் இரண்டு, ஏதாவது ஒரு துணை இதழ். அந்த ஐந்தையும் தளத்தில் தேடிப் பாருங்கள். தளத்தின் முகப்பில் "தொகுதி 1 முதல்" என்று போட்டிருக்கும். உள்ளே துணை இதழ்கள் இருக்காது, மாநாட்டுச் சுருக்கங்கள் இருக்காது, ஆசிரியருக்கு வந்த கடிதங்கள் இருக்காது. பழைய இதழ்களின் முன்னட்டையும் விளம்பரப் பக்கங்களும்கூட விடுபட்டிருக்கும். அறிவியல் வரலாறு படிப்பவர்களுக்கு அந்த விளம்பரங்களும் சான்றுதான்.

படங்களை மட்டும் தனியாகச் சரிபார்க்கச் சொல்வேன். ஒருமுறை நோயியல் பேராசிரியர் ஒருவரோடு ஒரு பழைய தொகுதியை மேசையில் விரித்து, பக்கத்தில் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தோம். அச்சில் சாயமேற்றிய திசுப்படம்: செல்லின் உட்கரு ஊதா, சுற்றிலும் இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையில் மெல்லிய விளிம்பு. திரையில் அதே படம் கறுப்புத் திட்டாக இருந்தது. எழுத்துக்காகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்ததில் நிறமும் போய், சாம்பல் நிழல்களும் போய்விட்டன. பேராசிரியர் ஒன்றும் பேசாமல் அச்சுத் தொகுதியை மூடி, தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அந்த இதழின் அச்சுத் தொகுதிகள் இன்றும் எங்களிடம் இருக்கின்றன. மருத்துவம், தாவரவியல், கலை வரலாறு, தொல்லியல் இதழ்களில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு தொகுதியையும் கழிக்காதீர்கள்.

தரவுத்தளத்தில் இருக்கிறதே, தனிச் சந்தா எதற்கு என்று நிதிப் பிரிவில் கேட்பார்கள். பல இதழ்களைத் தொகுத்துத் தரும் தரவுத்தளங்களில் அண்மையில் வெளியான கட்டுரைகளுக்குத் தடைக்காலம் உண்டு, அதாவது அவை உடனே திறக்காது; அது ஓராண்டுகூட இருக்கும். இன்று பட்டியலில் இருக்கும் இதழ் நாளை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பழைய ஆய்விதழ்களை மின்வடிவில் தரும் ஜேஸ்டோர் 1995-இல் அமைந்தது; நூலகங்களின் அலமாரி நெருக்கடியைத் தீர்க்கவே தொடங்கியது. பழைய தொகுதிகளுக்கு அதை நம்பலாம். ஆனால் பெரும்பாலான இதழ்களில் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் அதில் வராது. இந்த வேறுபாட்டை ஓர் இதழை உதாரணமாகக் காட்டி நிதிப் பிரிவில் விளக்குங்கள். ஒரே கூட்டத்தில் புரிந்துகொள்வார்கள்.

பதிப்பாளரே இல்லாமல் போனால்? அதற்குத்தான் காப்பகங்கள். ஸ்டான்ஃபோர்டில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் என்ற காப்பகத் திட்டம், நிறையப் பிரதிகள் இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணத்தில் பல நூலகங்களில் பிரதி வைக்கிறது. போர்ட்டிகோ என்ற இன்னொரு காப்பகம் 2005-இல் வந்தது. நம் இதழ் எந்தக் காப்பகத்தில், எந்தத் தொகுதி வரை இருக்கிறது என்று கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற இணையப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். போட்டுத் தேடலாம். அச்சுக்கும் மின்வடிவுக்கும் அந்த எட்டு இலக்க எண் வேறுவேறு. இரண்டையும் போட்டுப் பாருங்கள். எந்தக் காப்பகத்திலும் இல்லாத சிறிய சங்க இதழ் என்றால், என் கருத்தில் அச்சை நிறுத்தவே கூடாது.

பயன்பாட்டுக் கணக்கு நேரான வேலை. பயன்பாட்டை எல்லோரும் ஒரே முறையில் எண்ணுவதற்கான தரநிலை கவுன்ட்டர். அதன்படி பதிப்பாளர்கள் தரும் அறிக்கைகளில் டி.ஆர். ஜே1 என்பதை எடுத்தால் சந்தா இதழ்களின் பயன்பாடு தெரியும். ஜே2-இல் கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்களின் எண்ணிக்கை. ஜே4-இல் எந்த ஆண்டுக் கட்டுரைகளைப் படிக்கிறார்கள் என்பது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த கவுன்ட்டரின் ஐந்தாம் பதிப்புக்கு முன், ஒருவர் ஒரே கட்டுரையை இணையப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் திறந்தால் இரண்டாக எண்ணினார்கள். அந்தப் பழைய எண்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, பயன்பாடு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாற்றும் நாளுக்கு முன் வளாகத்தின் எல்லா ஐபி எல்லைகளும் (நம் இணைய முகவரி எண்களின் வரம்புகள்) பதிப்பாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும். விடுதியின் வைஃபையைத்தான் எப்போதும் மறப்போம். வீட்டிலிருந்து, உங்கள் கைபேசியில், வெளியிலிருந்து வருபவரை வளாகத்தில் இருப்பவராகக் காட்டும் ப்ராக்ஸி வழியாகக் கட்டுரையின் முழுப் பாடத்தையும் திறந்து பாருங்கள். சுருக்கம் யாருக்கும் திறக்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் எல்லா இதழ்களையும் இப்படித் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். சந்தா புதுப்பித்தது தளத்தில் பதிவாகாததும், இதழ்கள் பதிப்பாளர் மாறுவதும் அப்போதுதான் தெரிய வரும்.

கேட்டலாக்கில் அச்சுப் பதிவை அழிக்காதீர்கள். "தொகுதி 1–47 அச்சில், இரண்டாம் தளம், 48 முதல் மின்வடிவில்" என்று ஒரே இடத்தில் தெரியும்படி முடித்து எழுதுங்கள். அச்சுத் தொகுதிகளைக் கழிப்பதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காத்திருங்கள். கழிக்கும்போதும் வேறு நூலகங்களில் பிரதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைசிப் பிரதி உங்களுடையதாக இருக்கலாம்.

வாசகர்களில், புது வரவு ரேக்கின் முன் நின்று புரட்டிப் பழகியவர்களை முதலில் நினையுங்கள். ஒரு மூத்த பேராசிரியருக்கு அவருடைய இதழின் பொருளடக்கம் மின்னஞ்சலில் வரும்படி செய்து கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார். "இது சரியா வருதும்மா. ஆனா இதுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குமே, நீல அட்டை, பேர் மறந்துட்டேன். கைக்கு எட்டுச்சுன்னு அதையும் புரட்டுவேன்." அவர் இழந்தது அந்தப் பக்கத்து இதழைத்தான். அன்று மாலையே பழைய ரேக் வரிசையை நோட்டிலிருந்து எடுத்து, துறை வாரியாக இணைப்புப் பட்டியலாக ஏற்றினேன். இப்போது எந்த ரேக்கைக் காலி செய்தாலும் முதலில் அதைப் படம் எடுத்துவிடுகிறேன்.

கடைசி அச்சிதழ் வந்து சேர்ந்ததும் ரேக்கின் விளிம்பில் ஓர் அட்டை ஒட்டுங்கள். இதழின் பெயர், அச்சு நின்ற தொகுதி எண், மின்வடிவுக்குப் போகும் க்யூஆர் குறி, கீழே உங்கள் மேசையின் தொலைபேசி எண். கேட்டு வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் அதிகமாக இருப்பார்கள். அதுவரை மேசையில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.