40, 20, 20 கூட்டினால் 80 ஆகாது: அமெரிக்கப் படைவீரர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்குக் கல்யாணமாகி வருகிறவர்களில் சிலருக்கு, துணைவர் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்து வந்தவராக இருப்பார். கிரீன் கார்டு கிடைத்ததும் படையில் சேர்ந்த தமிழர்கள் உண்டு. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்து, 2009 முதல் 2016 வரை ஆள் எடுத்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வி.ஏ. என்கிற படைவீரர் துறையின் கடிதங்களைப் படித்து விளங்கிக்கொள்ளும் வேலை பெரும்பாலும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். கடிதம் முழுக்கச் சதவீதங்கள், பணியால் வந்த ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒன்று. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு எண், கடிதத்தின் கடைசியில் வேறொரு எண்.

இதைப் புரிந்துகொள்வது முக்கியம். பணிக்காலத்தில் வந்த பாதிப்பால் வேலைக்கே போக முடியாதவருக்கு, மொத்த ரேட்டிங், அதாவது எல்லாப் பாதிப்பும் சேர்ந்த சதவீதம், 100 ஆகாவிட்டாலும் 100 சதவீதத்துக்கான தொகையைக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெயர் டி.டி.ஐ.யு. 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டு நடப்பில் இருந்த விகிதப்படி, தனி ஆளுக்கு 70 சதவீதம் என்றால் மாதம் 1,759.19 டாலர், 100 சதவீதம் என்றால் 3,831.30 டாலர். இரண்டுக்கும் வருமான வரி கிடையாது. மாதம் 2,000 டாலருக்கு மேல் வித்தியாசம் வருகிற இடத்தில் ஒரு கணக்குப் பிழை குடும்பத்தையே பாதிக்கும்.

வி.ஏ. போடும் கணக்கு கூட்டல் அல்ல, கழித்தல். ஆள் முழுசாக 100 என்று ஆரம்பிப்பார்கள். பெரிய பாதிப்பை முதலில் எடுப்பார்கள். 40 போனால் மிச்சம் 60. அடுத்த 20 சதவீதத்தை அந்த 60-இல்தான் பார்ப்பார்கள்: 12. ஆக 52. மிச்சமுள்ள 48-இல் இன்னொரு 20 சதவீதம் 9.6. ஆக 61.6, அதாவது 62. கடைசியில் மட்டும் பத்தின் மடங்குக்கு மாற்றுவார்கள், 5-இல் முடிந்தால் மேலே ஏறும். 62 கீழே இறங்கி 60 ஆகிவிடும். 80 என்று நினைத்தவர் கையில் 60.

இதே ஆளுக்குக் காதிரைச்சலுக்காக 10 சதவீதம் புதிதாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? மிச்சமுள்ள 38-இல் 10 சதவீதம் 3.8. மொத்தம் 66. அது 70 ஆகிவிடும். 'பத்து சதவீதத்துக்கு எதற்கு அலைய வேண்டும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 62-க்கும் 64-க்கும் நடுவில் நிற்கிறவருக்கு அந்தப் பத்துதான் கதவைத் திறக்கும்.

கதவு என்றது இதைத்தான். டி.டி.ஐ.யு.வுக்கு இரண்டு வழி: ஒரே பாதிப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அல்லது பல பாதிப்புகள் சேர்ந்து 70 வர வேண்டும், அவற்றில் ஒன்றாவது 40 இருக்க வேண்டும். மொத்தம் 70, 80 இருந்தும் தனியாக 40 எதுவும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

அவர்கள் விதிப்புத்தகத்தில் 4.16 என்ற பிரிவின் முதல் பத்தியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில பாதிப்புகளைச் சேர்த்து ஒன்றாகவே எண்ணலாம் என்று அது சொல்கிறது: இரண்டு கால்களில் அல்லது இரண்டு கைகளில் உள்ளவை, ஒரே விபத்தில் அல்லது ஒரே காரணத்தால் வந்தவை, எலும்பு மூட்டு, செரிமானம், மூச்சு என்று ஒரே உடல் மண்டலத்தைச் சேர்ந்தவை, போர்முனையில் பட்ட காயங்கள், போர்க்கைதியாக இருந்தபோது வந்தவை. ஒரு கணக்கு: இடது முழங்கால் 30, வலது முழங்கால் 20, பி.டி.எஸ்.டி. என்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு 30, காதிரைச்சல் 10. எதுவுமே 40 இல்லை. ஆனால் இரண்டு முழங்காலும் சேர்ந்தால் 44. இரு பக்கமும் பாதிப்பு இருப்பதால் அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 4.4-ஐ அப்படியே கூட்டுவார்கள்: 48. ஒரு பாதிப்பு 40-ஐத் தாண்டியாயிற்று. 48-ஓடு 30 சேர்ந்தால் 64, அதோடு 10 சேர்ந்தால் 68, முடிவில் 70. இவருக்குத் தகுதி இருக்கிறது. கடிதத்தில் இதை யாரும் வரி வரியாக எழுதித் தர மாட்டார்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் தாளில் 'இந்த இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும்' என்று பிரிவு எண்ணோடு நீங்களே எழுதுங்கள்.

எண் எட்டவே இல்லையென்றாலும் கேட்கலாம். அதே பிரிவின் இரண்டாம் பத்தியின்படி கோப்பைத் தலைமை அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவு இயக்குநருக்கு அனுப்பி முடிவு கேட்க இடமுண்டு. நாள் பிடிக்கும், கிடைப்பதும் கடினம், ஆனாலும் வழி அடைபட்டதில்லை.

எண் சரியாக வந்தாலே பணம் வந்துவிடாது. அந்தப் பாதிப்புகளால்தான் நிலையான, பிழைப்புக்குப் போதுமான வேலை பார்க்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். வயதையும், பணியோடு தொடர்பில்லாத நோயையும் இதில் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே '61 வயசாகிவிட்டது, சுகர் வேறு, முதுகும் வலிக்கிறது' என்று சேர்த்து எழுதினால், சுகர் பணியோடு தொடர்பில்லாததாக இருந்தால், வேலைக்குப் போகாததற்கு அதுதான் காரணம் என்று படிக்கிற அதிகாரி எடுத்துக்கொள்ள வாய்ப்பாகிறது. முதுகை மட்டும் எழுதுங்கள். கொஞ்சம் சம்பாதிப்பதும் தடையில்லை. தனி ஆளுக்கான வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் இருந்தாலோ, சொந்தக்காரர் கடையில் முடிந்தபோது வந்து முடியாதபோது போகிற மாதிரி சலுகையோடு வேலை இருந்தாலோ அதை முழு வேலையாக எண்ண வேண்டியதில்லை. அந்தச் சலுகை என்ன என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும்.

விண்ணப்பப் படிவம் 21-8940. கடைசியாக முழுநேரம் வேலை பார்த்த தேதி, வேலை பார்த்த கடைசி ஐந்து ஆண்டுகளின் முதலாளிகள், உடல்நிலையால் இழந்த நேரம், படிப்பு எல்லாம் கேட்பார்கள். தேதிக் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய முதலாளி நிரப்ப வேண்டியது 21-4192. 'தானாக ராஜினாமா செய்தார்' என்று அங்கே பதிவாகியிருந்தால், ஏன் செய்தார் என்பதை நீங்கள் தனியாக விளக்கியாக வேண்டும். காகிதம் தயாராகச் சில மாதம் ஆகும் என்றால் 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லும் 21-0966 படிவத்தை இன்றே போடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் இன்றைய தேதியே கணக்கில் நிற்கும்.

துணைவராக நீங்கள் எழுதும் சாட்சியம், 21-10210 படிவம், கனமான காகிதம். 'மிகவும் கஷ்டப்படுகிறார்' என்று எழுதிப் பயனில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: இருபது நிமிடம் கார் ஓட்டினால் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறார், வாரத்தில் எத்தனை இரவு எழுந்து வாசல் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார், குக்கர் விசில் அடித்ததும் அறையை விட்டுப் போகிறாரா, அதனால் நீங்கள் குக்கரை எடுத்து வைத்துவிட்டீர்களா. தமிழில்தான் வரும் என்றால் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் மொழிபெயர்த்தவர் கையெழுத்தையும் சேர்த்து வையுங்கள்.

வி.ஏ. கூப்பிடும் மருத்துவப் பரிசோதனையைத் தவறவிட்டால் அதையே காரணமாக வைத்து மறுத்துவிட முடியும். போகிறவர் டாக்டர் 'எப்படி இருக்கிறீர்கள்' என்றதும் நம் வழக்கப்படி 'பரவாயில்லை' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல் அப்படியே அறிக்கையில் ஏறும். மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் அது எத்தனை தடவை வரும் என்று சொல்லட்டும்.

30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மனைவி அல்லது கணவருக்காகக் கூடுதல் தொகை உண்டு, இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்றாலும்கூட. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் 21-686சி படிவம் போட்டால் கல்யாணத் தேதியிலிருந்து கணக்கிடலாம். டி.டி.ஐ.யு. கிடைத்து, பாதிப்பு நிரந்தரம் என்றும் முடிவானால், குடும்பத்துக்குச் சாம்ப்வா மருத்துவக் காப்பீடும் படிப்பு உதவியும் வரும். இன்னொன்று: ஒரே பாதிப்பை வைத்து டி.டி.ஐ.யு. கிடைத்து, மற்றவை தனியாகச் சேர்ந்து 60 இருந்தால், எஸ் நிலைச் சிறப்புத் தொகைக்கும் தகுதி வரும். கடிதத்தில் அது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்க யாரும் பணம் வாங்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் அமைப்புகளில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருவார்கள். மறுப்பு வந்தால் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம். புதுச் சான்று இருந்தால் 20-0995, இருக்கிற சான்றையே தவறாகப் படித்தார்கள் என்றால் 20-0996, மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போவதென்றால் 10182. 40 சதவீத விதியைக் கவனிக்காமல் மறுத்திருந்தால் இரண்டாவது படிவமே போதும்.

கிடைத்த பிறகு மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிப் போய்க் குடியேறினாலும் இந்தத் தொகை நிற்காது. விலாசத்தையும் வங்கி விவரத்தையும் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். பணியால் வந்த பாதிப்புக்கு அங்கே ஆகும் மருத்துவச் செலவுக்கு வெளிநாட்டு மருத்துவத் திட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள்.