விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகும்போது இல்லாததைத் தேடவிடாதீர்கள்

விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) லினக்ஸ் எழுந்துவர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால், பலரும் முதலில் ரேமைக் கூட்டுவார்கள், இன்னும் இரண்டு கோர் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் மாறாது. அந்த நேரத்தில் பிராசசர் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். இல்லாத ஏதோ ஒரு கருவி பதில் சொல்லும் என்று சிஸ்டம் காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அளந்து பார்க்காமல் கைவைப்பதுதான் பெரிய தவறு. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு எவ்வளவு நேரம் போனது, அதற்குப் பிறகு எவ்வளவு என்று சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை பிரித்துச் சொல்லிவிடும். கெர்னல் பக்கம் இழுத்தால் அதன் செய்திப் பதிவான டிமெசேஜைத் திறந்து, இடது ஓரத்து எண்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். அவை பூட் தொடங்கியதிலிருந்து கழிந்த விநாடிகள். 2.1, 2.2, 2.3 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 14.6-க்குத் தாவினால், அந்த இடைவெளியை ஒட்டிய வரிகளில்தான் ஆள் அகப்படுவான். சிஸ்டம்டி-அனலைஸ் தரும், அதிக நேரம் எடுத்தவை முதலில் வரும் 'பிளேம்' பட்டியலின் உச்சியில் இருப்பதையே பிடித்து உலுக்க வேண்டாம். அது மற்றவற்றோடு சேர்ந்து பின்னணியில் ஓடியதாகவும் இருக்கலாம். எது எதற்காகக் காத்திருந்தது என்பதை அதே கட்டளையின் 'கிரிட்டிகல்-செயின்' காட்டும்.

அகப்படுகிறவர்களில் பழைய பாவி ஃப்ளாப்பி டிரைவ். 'எஃப்டி0, செக்டர் 0' என்று ஐ/ஓ எரர் வந்தால் அதுதான். மெஷின் அமைப்பில் ஃப்ளாப்பியை நீக்கியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். விர்ச்சுவல் பயாஸுக்குள் அது இன்னும் இருப்பதாகவே குறிக்கப்பட்டிருக்கலாம், அங்கும் போய் அணைக்க வேண்டும். ஃப்ளாப்பி மாட்யூலை (அதன் டிரைவரை) ஏறவிடாமல் பிளாக்லிஸ்ட் செய்வதும் நல்ல வழிதான். ஆனால் அதற்குப் பிறகு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் டிரைவர் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்ட மறந்தால், பழைய பிரதிக்குள் இருக்கும் மாட்யூல் வழக்கம்போல ஏறிவிடும். நடுவில், மதர்போர்டின் சிறு சிப்களோடு பேசும் எஸ்எம்பஸ் கன்ட்ரோலர் இயக்கப்படவில்லை என்றொரு வரி வந்து பயமுறுத்தும். அது நேரத்தைத் தின்பதில்லை, விட்டுவிடுங்கள்.

குளோன் செய்த மெஷின்களில் வேறு கதை. ஸ்வாப் பகுதியை (ரேம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) புதிதாக உருவாக்கியதும் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். பூட்டில் இணைக்க வேண்டிய வட்டுப் பகுதிகளின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் பழைய எண் கிடந்தால், வராத வட்டுக்காக, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். திரையில் '1 நிமிடம் 30 விநாடி' என்று எண்ணிக்கை ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வரியைத் திருத்தினால் பாதி வேலைதான். ஹைபர்நேட்டிலிருந்து (ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணைவது) மீள்வதற்கான ரெஸ்யூம் அமைப்பிலும் அதே பழைய எண் ஒளிந்திருக்கும். விர்ச்சுவல் மெஷினில் ஹைபர்நேட் யாருக்கு வேண்டும்? நான் அதை அணைத்தே வைப்பேன்.

யூடெவ்-செட்டில் சேவையை 'பாதுகாப்புக்கு' என்று சேர்த்து வைப்பவர்களும் உண்டு. எல்லாக் கருவிகளையும் கண்டறிந்து முடிக்கும்வரை அது பொறுத்திருக்கும், அதிகபட்சம் 120 விநாடி. வேறெந்தச் சேவையும் அதைக் கேட்கவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

சரி, இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, அதை நானே செய்தேன். இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் போதும் என்று சுருக்கினேன். கோப்பு சிறிதானது, பூட்டும் வேகமானது. அந்த உற்சாகத்தில் வட்டைப் பழைய ஐடிஇ இணைப்பிலிருந்து, விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள விர்டியோவுக்கு மாற்றினேன். அடுத்த பூட்டில், சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதி கிடைக்காமல் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் போய் நின்றது. சுருக்கும்போது மெஷினில் விர்டியோ வட்டே இல்லை, அதனால் அதன் டிரைவரும் உள்ளே போகவில்லை. விர்டியோ-பிளாக் மாட்யூலை முதலில் பட்டியலில் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டி, அப்புறம்தான் மெஷினை அணைத்து வட்டின் வகையை மாற்ற வேண்டும். எஸ்டிஏ என்றிருந்த வட்டு விடிஏ ஆகிவிடும் என்பதால், எஃப்எஸ்டேப்பில் சாதனப் பெயர்கள் இருந்தால் அவற்றையும் அதற்கு முன்பே யூயூஐடி-க்கு மாற்றிவிடுங்கள்.