கார் செல்ஃப் அடிக்கும்போது சத்தமா? ஸ்பேனரை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்புவதற்கும் என்ஜின் உயிர் பெறுவதற்கும் இடையே ஓரிரு நொடிதான். அந்த நேரத்தில் வரும் சத்தத்தைக் கவனித்துக் கேட்டாலே கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நாமோ பதற்றத்தில் சாவியை மறுபடி மறுபடி திருப்பி, பேட்டரியில் மிச்சம் இருப்பதையும் தீர்த்துவிடுகிறோம்.

படி 1: கேட்பதற்குத் தயாராகுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஏசி, பாட்டு, விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பானெட்டைத் திறந்து நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். துப்பட்டாவோ தோள் துண்டோ பெல்ட் அருகே தொங்கக் கூடாது.

சாவியைப் பாதி திருப்பியதும் பல பெட்ரோல் கார்களில் பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் வரும். அது பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. செல்ஃப் அடிப்பது ஒரு முறைக்கு ஐந்து நொடியைத் தாண்ட வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது பொறுங்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. ஓய்வு கொடுக்காவிட்டால் உள்ளே சுருள் கருகிவிடும்.

படி 2: 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால்

புதிதாகக் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டு இழுக்கிறது. மோட்டார் சுழல முயன்றதும் வோல்டேஜ் சரிந்து சாலினாய்டு விட்டுவிடுகிறது. உடனே மறுபடி இழுக்கிறது. அந்த இழுபறிதான் நம் காதில் டிக் டிக் என்று விழுகிறது. ஆக, மின்சாரம் போதவில்லை என்று பொருள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியை அளந்து பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி பலவீனமாகிவிட்டது.

அளவு சரியாக இருந்தும் டிக் டிக் நிற்கவில்லையா? பேட்டரியில் கம்பி மாட்டும் முனையான டெர்மினலைப் பாருங்கள். போன ஐப்பசி மழையில் என் காருக்கு இதே கதை. செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். மனம் ஒப்பாமல் வீட்டில் பாசிட்டிவ் டெர்மினலின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பச்சையும் நீலமுமாகப் பொடி, ஈயத் தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே அடை போல அப்பியிருந்தது. மீட்டரின் ஒரு முனையைத் தண்டிலும் மற்றொன்றைக் கிளாம்பிலும் வைத்து, மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒட்டியிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டியது, ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

சுத்தம் செய்யும் முறை: பல கார்களில் 10 எண் ஸ்பேனர் போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். முதலில் நெகட்டிவைத்தான் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கவும் கூடும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து, ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

படி 3: ஒரே ஒரு 'டக்'

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால் மறுபடி இரண்டாம் படிக்குப் போங்கள். பிரகாசம் குறையாமல் 'டக்' மட்டும் கேட்டால், சாலினாய்டின் தொடுமுனையோ மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். கழற்றி அடியில் படுத்துச் செய்யும் வேலை இது. புதியவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

படி 4: 'கறகற' என்று பல் அரைத்தால்

செல்ஃப் மோட்டாரின் சிறு பல்சக்கரம், என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பெரிய பல்வளையத்தில் சரியாகப் பொருந்தவில்லை. என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் நிற்கும்; அதனால் அந்தப் பற்களே அதிகம் தேய்கின்றன. ஒரு நாள் அரைத்து, மறுநாள் ஒழுங்காக எடுப்பது இதனால்தான். சத்தம் கேட்டதும் சாவியை விட்டுவிடுங்கள். மோட்டாரை மாற்றும் செலவைவிட, கியர்பாக்ஸை இறக்கி வளையத்தை மாற்றும் செலவு பல மடங்கு, தள்ளிப்போடாதீர்கள். அரைக்காமல் 'உய்ங்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுழன்றால், அந்தச் சிறு பல்சக்கரத்தை மோட்டாரோடு இணைக்கும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது.

படி 5: என்ஜின் எடுத்த பிறகு வரும் சத்தம்

'கிரீச்' என்று கத்தினால் பெல்ட். செல்ஃப் அடித்ததில் இழந்த மின்சாரத்தை, பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் உடனே நிரப்பப் பார்ப்பதால், பெல்ட்டுக்குப் பாரம் அதிகமாவது அந்த நிமிடத்தில்தான். ஈரக் காலையில் கூடுதலாகக் கேட்கும். என்ஜின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடங்கி மீண்டும் வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை.

'கடகட' என்று ஓரிரு நொடி கேட்டு அடங்கினால் ஆயிலைப் பாருங்கள். இரவில் கீழே வடிந்த ஆயில் மேலே ஏறிச் சேரும்வரை உலோகம் உலோகத்தில் தட்டுகிறது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் தினமும் கடகடத்தால் ஆயில் ஃபில்டரையும், என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் சத்தம் அடங்காமல், சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்துகொண்டே இருந்தால் அந்த நொடியே என்ஜினை அணைத்துவிடுங்கள். பட்டறை அடுத்த தெருவில் இருந்தாலும் ஓட்டிச் செல்லாதீர்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள்.