புதிய கோல்ஃப் கிரீனில் புல் பிடிக்கும்வரை உரமிடும் முறை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கோல்ஃப் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் பகுதிகளில், பரவலாக நடப்படும் டிஃப்ஈகிள் போன்ற குட்டைப் புல் ரகங்கள், நாம் அறிந்த அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்க இனம் ஒன்றும் கலந்த கலப்பினத்தின் வழிவந்தவை. இவற்றில் முளைக்கும் விதை பிடிக்காது என்பதால், தண்டுத் துண்டுகளைத் தூவி, மணலில் அழுத்திப் பதித்தே வளர்க்க வேண்டும். வெப்பம் நிலைத்த கோடையின் தொடக்கமே நடவுக்கு ஏற்ற காலம்.

கிரீனின் அடித்தளம் பெரும்பாலும் மணல். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பரிந்துரைப்படி சரளைக்கு மேல் சுமார் 30 செ.மீ. ஆழத்துக்கு அது நிரப்பப்படுகிறது. நீர் விரைவாக வடிவதற்காகவே மணல் இடுகிறார்கள். ஆனால் அந்த நீரோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கீழே இறங்கிவிடும். ஆகவே ஒரே தடவையில் நிறைய உரமிடுவது வீண். சிறிது சிறிதாக, அடிக்கடி இடுவதே இங்கு பயன் தரும்.

முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மணலில் அதிகம் நகராது என்பதால், அதை நடவுக்கு முன்பே அடியுரமாக மேல் 5 முதல் 10 செ.மீ. மணலில் கலந்துவிட வேண்டும். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் சதுர மீட்டருக்கு சுமார் 11 கிராம் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் தொடக்கத்துக்குப் போதும்.

நட்ட பின் முதல் சில நாள்களில் தண்ணீரே முக்கியம். மேற்பரப்பு காயாதபடி பகலில் பலமுறை இலேசாகத் தெளிக்க வேண்டும். பிறகு ஒரு துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதில் வராமல், வெள்ளை வேர்களில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் மேலுரத்தைத் தொடங்கலாம்.

இந்தக் கட்டத்தில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 5 கிராம் தழைச்சத்து தேவைப்படும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு இது 2.5 கிலோ. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 சதவீதம் என்பதால், வாரத்துக்கு ஏறத்தாழ 12 கிலோ உரம் வேண்டும். அதை ஆறு ஆறு கிலோவாக இரு நாள்களில் பிரித்திடுங்கள். ஒவ்வொரு ஆறு கிலோவையும் மறுபடி பாதியாக்கி, மூன்று கிலோவை நெடுக்காகவும் மூன்று கிலோவைக் குறுக்காகவும் தூவினால், கோடு கோடாகப் பச்சையும் மஞ்சளும் தெரியாது. தூவியவுடன் நீர் விட மறக்காதீர்கள். இலையில் தங்கும் உரம் வெயிலில் அதைக் கருக்கிவிடும். ஓடுதண்டுகள் பரவும் வேகம் பெரிதும் இந்த வாரங்களைப் பொறுத்தது என்பதால், இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

சாம்பல் சத்தையும் விட்டுவிடக் கூடாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் சல்பேட் இடலாம். இலை வெளிறினால் உடனே தழைச்சத்தைக் கூட்டாமல், இரும்பு, மாங்கனீசு குறைபாடு உள்ளதா என்று பாருங்கள். கார மணலில் அது அடிக்கடி நேர்வது.

இடைவெளிகள் மூடிக்கொண்டதும் தழைச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெட்டும் உயரத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, மெல்லிய மணல் தூவலையும் தொடர வேண்டும். பழைய அளவிலேயே உரமிட்டால் தண்டுகள் தடித்து மெத்தையாகிவிடும். அப்போது புல்வெட்டி மேல்பச்சையைச் சீவி, பழுப்புத் திட்டுகளை விட்டுச் செல்லும். இலையுதிர்காலக் குளிர் நெருங்கும்போது தழைச்சத்தை இன்னும் குறையுங்கள். அந்நேரம் எழும் இளந்தளிர் உறைபனியில் எளிதில் கருகும்.