மூளையையும் ஏஐயையும் சேர்த்துப் படிக்க, டோபமைனில் தொடங்குங்கள்

சென்னையில் மெஷின் லேர்னிங் (தரவுகளிலிருந்து கணினியையே கற்கவைக்கும் ஏஐ முறை) படிக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை, ஓஎம்ஆரில் அதையே வேலையாகச் செய்கிறவர்களும் நிறைய. மூளையைப் பற்றியும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களில் சிலருக்கு ஆசை வரும். உடனே தடிமனான நரம்பியல் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து போவார்கள், இரண்டாவது அத்தியாயத்தோடு நின்றுவிடும். அப்படிப் போகாதீர்கள். இரண்டு துறையும் ஏற்கெனவே கைகோத்து வேலை செய்த ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வாருங்கள். எனக்குத் தெரிந்து அதற்கு, நரம்பணுக்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருளான டோபமைன் மூளையில் என்ன செய்கிறது என்பதை விட நல்ல கேள்வி கிடையாது.

முதலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்ற உளவியல் ஆய்வுகளிலிருந்து கிளைத்த ஒரு யோசனையை 1988இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் சட்டன் கணக்காக எழுதினார். கடைசி விடை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதைய கணிப்புக்கும் அடுத்த கணத்தின் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அது; அந்த வித்தியாசத்தைத்தான் பிழை என்கிறார்கள். இன்னொரு பக்கம் நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களில் எழும் மின் துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணு வேகமாகத் துடிக்கிறது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்குக்குத் துடிக்கிறது, சாற்றுக்குத் துடிப்பதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே நேரத்தில் துடிப்பு தணிகிறது. டயன், மான்டேக் இருவருடன் சேர்ந்து 1997இல் சயன்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை, இந்த அணுக்களின் போக்கு சட்டனின் பிழைக் கணக்கோடு பொருந்துகிறது என்று காட்டியது. டோபமைன் என்றாலே இன்பம் என்று ரீல்ஸில் சொல்வதை நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த அழகு தெரியவே தெரியாது.

சரி, இப்போது நீங்களே செய்து பாருங்கள். பிரவுசரிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் பைத்தானைத் திறந்தால் போதும், லேப்டாப் பழையதாக இருந்தாலும் ஓடும். 20 நேரப்புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் புள்ளியில் விளக்கு, 15ஆம் புள்ளியில் சாறு, பரிசின் மதிப்பு 1. எல்லாப் புள்ளிகளின் கணிப்பும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். ஒவ்வொரு புள்ளியிலும், கிடைத்த பரிசோடு அடுத்த புள்ளியின் கணிப்பைக் கூட்டி இந்தப் புள்ளியின் கணிப்பைக் கழித்தால் பிழை வரும். அந்தப் பிழையில் பத்தில் ஒரு பங்கை இந்தப் புள்ளியின் கணிப்போடு சேருங்கள். விளக்குக்கு முந்தைய புள்ளிகளை மட்டும் பூஜ்யத்திலேயே விடுங்கள், ஏனென்றால் விளக்கு எப்போது எரியும் என்று குரங்குக்குத் தெரியாது. 300 சுற்று ஓட்டி, முதல் சுற்றின் பிழையையும் கடைசிச் சுற்றின் பிழையையும் வரைந்து பாருங்கள்: சாற்றில் இருந்த கூர்முனை விளக்கு எரியும் இடத்துக்கு வந்திருக்கும் (பிழை அடுத்த புள்ளியின் கணிப்பையும் பார்ப்பதால் படத்தில் 4ஆம் புள்ளியில் தெரியும்). அப்புறம் ஒரே ஒரு சுற்றில் சாற்றை நிறுத்துங்கள், 15ஆம் புள்ளியில் பள்ளம் விழும்.

இடையில் உள்ள சுற்றுகளையும் கட்டாயம் வரையுங்கள். கூர்முனை ஒரேயடியாகத் தாவாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கி நகரும். மூளையில் இந்த நகர்வு நெடுநாள் தெளிவாகப் பிடிபடவில்லை, இந்தக் கணக்கு மாதிரியே (மாடலே) தவறோ என்ற சந்தேகமும் இருந்தது. 2022இல் எலிகளில் அந்த நகர்வைக் கண்டார்கள். எதைத் தேட வேண்டும் என்று கணக்கு சொன்னது, அதைத் தேடி மூளைக்குள் போனார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இது பழகிவிட்டால் அடுத்து, இப்படித் தனித்தனியாகக் கணிக்கும் பத்து கணிப்பாளர்களை ஒன்றாக ஓட்டுங்கள். பரிசு சில சமயம் சிறிதாகவும் சில சமயம் பெரிதாகவும் வரட்டும். எதிர்பார்த்ததை விட அதிகம் கிடைக்கும்போது சிலருடைய கணிப்பு அதிகமாக நகரட்டும், குறைவாகக் கிடைக்கும்போது வேறு சிலருடையது. முதல் வகை நம்பிக்கைவாதிகளாகவும் மற்றவர்கள் அவநம்பிக்கைவாதிகளாகவும் நிலைபெறுவார்கள், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பரிசு எப்படியெல்லாம் வரக்கூடும் என்ற முழுப் படமும் கிடைக்கும். ஏஐயில் 2017இல் வலுப்பெற்ற இந்த யோசனைக்கு எலிகளின் டோபமைன் அணுக்களில் சான்று இருப்பதாக 2020இல் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்டும் ஹார்வர்டும் சேர்ந்து எழுதின.

ஆனால் எல்லாமே இப்படிப் பொருந்தாது. ஏஐ வலைகள் கற்கும்போது விடையில் உள்ள பிழையை அடுக்கடுக்காகப் பின்னோக்கி அனுப்பித் திருத்துவதை பேக்புரொபகேஷன் என்பார்கள்; அப்படி மூளையில் பிழை பின்னோக்கிப் போக வழியிருப்பதாகத் தெரியவில்லை என்று, டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1989இலேயே எழுதினார், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

பாடத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்கள் ஸ்ரீனிவாச சக்ரவர்த்தி மூளை பற்றியும், மித்தேஷ் கப்ரா டீப் லேர்னிங் பற்றியும் நடத்திய என்பிடெல் இணைய வகுப்புகள் இலவசம். படங்களோடு வேலை செய்யப் பிடித்தவர்கள், அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட தரணி தொகுப்பைப் பாருங்கள்; கருவிலுள்ள சிசு மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகள் டிஜிட்டலாக இருக்கின்றன.

ஏதாவது ஆய்வுக்கூடத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் எழுதும்போது, ஆர்வம் இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கூர்முனை நகரும் படத்தை இணைத்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தைக் கேள்வியாகக் கேளுங்கள்.